ஆடாதவர் ஒருவர்

நிறுவனங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிகளுக்காக அலுவலகத் தோழர்களோடு வெளிநாடு செல்வது பற்றி முன்பு ஒரு வாசகருக்குப் பதில் எழுதியபோது, 'அணியோடு ஆடாதவர் ஒருவரும் கட்டாயம் செல்ல வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். கடிதங்கள் பெரும்பாலும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கின்றன. மும்பையிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் நம்மவர்கள் எழுதியவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் நிறுவனத்தின் இறகுப்பந்து அணி ஒன்பது பேராகக் கோலாலம்பூருக்குச் செல்கிறது. அணித்தலைவர் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் துணைப் பொது மேலாளரும் அந்த ஒன்பது பேரில் ஒருவர். நிர்வாகத்திடம் பேசிப் பயணச் செலவுக்கு ஒப்புதல் வாங்கித் தந்தவரே அவர்தான். இளமையில் நன்றாக ஆடியவர். இப்போது வயது ஐம்பத்தாறு, முழங்கால் ஒத்துழைப்பதில்லை. ஆண்கள் இரட்டையர் ஆட்டத்தில் தாமே இறங்குவதாகச் சொல்லிவருகிறார். அவரைவிட நன்றாக ஆடும் இளைஞர்கள் இருவர் அணியில் இருக்கிறார்கள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?
— ஒரு வாசகர், செம்பூர்

பதில்: எப்படிச் சொல்வது என்பதைவிட, எப்போது சொல்வது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பெயர்ப் பட்டியலை அமைப்பாளர்களுக்கு அனுப்புவதற்கு முன், மும்பையிலேயே சொல்லிவிட வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய இரவு, ஓட்டல் நடைவழியில் நிறுத்தி வைத்துச் சொன்னால் எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் அது அவமதிப்பாகவே அவர் மனத்தில் தங்கும். திரும்பி வந்ததும் அதே மனிதரிடம் விடுப்புக் கடிதத்தை நீட்ட வேண்டியவர் நீங்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அடுத்து, இந்தத் தீர்ப்பை உங்கள் வாயால் சொல்லும் நிலையையே தவிர்த்துவிடலாம். புறப்படுவதற்கு ஒன்றரை மாதம் முன்னதாக, மூன்று சனிக்கிழமைகளில் தேர்வு ஆட்டங்கள் வையுங்கள். எல்லா இணைகளும் எல்லா இணைகளோடும் ஆடட்டும். இருபத்தொரு புள்ளி ஆட்டங்களின் முடிவுகளை அன்றன்றே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். அவர் விரும்பினால் பலகையோடு வாதாடிக்கொள்ளலாம். உங்களோடு வாதாட வேண்டியிருக்காது. முப்பத்தைந்து, நாற்பத்தைந்து, ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் என்று தனிப் பிரிவுகள் வைக்கும் போட்டிகளும் உண்டு என்பதால், அழைப்பிதழோடு வந்த விதிமுறைகளை ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். அப்படி ஒரு பிரிவு இருந்தால் உங்கள் சிக்கல் பாதிக்கு மேல் தீர்ந்தது.

இல்லையென்றால், அவருக்கு ஆடாத தலைவர் பொறுப்பைக் கொடுங்கள். இது மரியாதைக்காக இட்டுக்கட்டிய பதவி என்று அவர் நினைக்கக்கூடும். நீங்களும் அப்படி நினைத்துவிடாதீர்கள். டேவிஸ் கோப்பை டென்னிஸில் ஆடாத தலைவர் என்ற பதவி நெடுங்காலமாக உண்டு. ஆட்டம் நடக்கும்போது களத்தின் ஓரத்திலேயே அமர்ந்து, தம் ஆட்டக்காரருக்கு யோசனை சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. 1990-இல் லியாண்டர் பயஸ் என்ற பதின்வயதுப் பையனை இந்திய அணியில் நம்பி இறக்கியவர் அப்படிப்பட்ட தலைவரான நரேஷ் குமார். இறகுப்பந்திலும் குழு ஆட்டம் என்றால், 1989-இல் தொடங்கிய சுதிர்மான் கோப்பையைப் போல ஒற்றையர் இரண்டு, இரட்டையர் இரண்டு, கலப்பு இரட்டையர் ஒன்று என ஐந்து ஆட்டங்கள் வரும். யாரை எந்த ஆட்டத்தில் இறக்குவது, காலையில் ஆடிய பெண்ணை மாலையில் கலப்பு இரட்டையரிலும் ஆடவைக்கலாமா, எதிரணியின் வலுவான இணைக்கு எதிரே யாரை நிறுத்துவது என்பவற்றை எல்லாம், தாமும் ஆட வேண்டியவர் நிதானமாக யோசிக்க முடியாது.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த நிறுவனத்தின் மேசைப்பந்து அணியோடு கொழும்புக்குச் சென்றிருந்தேன். எங்கள் கணக்குப் பிரிவின் தலைவர் ஆட்டக்காரராகவும் அணி மேலாளராகவும் இரண்டு தொப்பிகளை மாட்டிக்கொண்டு வந்தார். அரையிறுதியன்று ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் முன்னதாக அணிப் பட்டியலைப் போட்டி அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். அவர் அந்த நேரத்தில் பின்பக்க அரங்கில் வியர்க்க விறுவிறுக்கப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். பட்டியல் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. அவர் கொடுத்திருப்பார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். எதிரணி ஒரு பந்துகூட அடிக்காமல் இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது. விமானத்தில் திரும்பி வரும்போது யாரும் யாரோடும் பேசவில்லை.

எனவே உங்கள் அதிகாரிக்குத் தரும் பொறுப்பு வெறும் அலங்காரமாக இருந்துவிடக் கூடாது. பட்டியல் தருவது, நடுவரின் முடிவில் ஐயம் இருந்தால் முறைப்படி மேல்முறையீடு செய்வது, காயம் பட்டவரோடு மருத்துவமனைக்குப் போவது, எல்லோருடைய கடவுச்சீட்டு நகலையும் வைத்திருப்பது எல்லாம் அவருடைய வேலை என்று புறப்படும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நிர்வாகத்திடம் பேசிக் காரியத்தை முடிக்கத் தெரிந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்நிய ஊரில் அணிக்கு அதுவே பெரிய பலம்.

ஒரு செய்தியை இடையில் சொல்லிக்கொள்கிறேன். மும்பைக்காரர்களுக்கு இது புதிய சங்கடமே அல்ல. ஆசாத் மைதானத்திலும் கிராஸ் மைதானத்திலும் அலுவலகங்களுக்கிடையிலான கிரிக்கெட் நெடுங்காலமாக நடந்துவரும் ஊர் இது. அஜித் வாடேகர் பாரத ஸ்டேட் வங்கிக்காகவும், சுனில் கவாஸ்கர் நிர்லான் நிறுவனத்துக்காகவும் ஆடியது இத்தகைய ஆட்டங்களில்தான். மைதானத்தில் குமாஸ்தா களவியூகம் அமைக்க, அவருடைய மேலதிகாரி எல்லைக்கோட்டருகே ஓடிப் பந்து பொறுக்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை இருவரும் அவரவர் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார்கள்.

கேள்வி: என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது, பெயர்க் கட்டத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. அலுவலக அடையாள அட்டையில் முதலெழுத்தோடு என் பெயர் உள்ளது. எங்கள் கிரிக்கெட் அணி துபாய்க்குச் செல்கிறது. இதனால் தொல்லை வருமா?
— ஒரு வாசகர், தாராவி

பதில்: வரும். இன்றே கவனியுங்கள்.

தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் நம் வழக்கம், உலகெங்கும் விமான நிறுவனங்களின் கணினிகளுக்குப் புரியாத ஒன்று. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், கடவுச்சீட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டும் உள்ளவர்களைப் பார்வையாளர் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சிலருக்குத் தளர்வு உண்டு என்று பின்னர் விளக்கம் வந்தது. ஆனால் ஒரு முழு அணியின் பயணத்தை அந்தத் தளர்வின் மேல் வைக்க நான் துணியமாட்டேன். நுழைவு வாயிலில் உங்கள் ஒருவரை நிறுத்திவிட்டால், பதினோராவது ஆட்டக்காரர் இல்லாமல் அணி களமிறங்க வேண்டியிருக்கும்.

பெயரை இரண்டு கட்டங்களாகப் பிரித்து எழுதக் கோரி, கடவுச்சீட்டை மறுபடி வழங்க விண்ணப்பியுங்கள். மும்பையில் அந்தேரி, மலாடு, லோயர் பரேல் ஆகிய இடங்களில் பாஸ்போர்ட் சேவா மையங்கள் இருக்கின்றன. 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய்; தட்கல் முறையென்றால் கூடுதலாக 2,000 ரூபாய். காவல்துறைச் சரிபார்ப்பும் தேவைப்படலாம் என்பதால் நாள்களைத் தாராளமாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இதைவிட அதிகமாக நடக்கும் தவறு வேறு ஒன்று. அலுவலகப் பயணப் பிரிவினர் ஊழியர் பட்டியலில் உள்ளபடி 'கே. முருகன்' என்று எல்லோருக்கும் மொத்தமாகப் பயணச்சீட்டு எடுத்துவிடுவார்கள். கடவுச்சீட்டிலோ 'கே' என்பது 'கந்தசாமி' என்று விரிந்திருக்கும். ஊழியர் பட்டியலைப் பயணப் பிரிவுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். ஒவ்வொருவருடைய கடவுச்சீட்டின் படம் உள்ள பக்கத்தை மட்டும் அனுப்பி, அதில் எழுத்துக்கு எழுத்து உள்ளபடியே பயணச்சீட்டும், விசாவும், போட்டிக்கான பதிவும் இருக்கின்றனவா என்று ஆடாதவர் ஒருவர் சரிபார்க்கட்டும். செம்பூர் வாசகருக்குச் சொன்னது இங்கேயும் வந்துவிட்டது, பாருங்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கேள்வி: நாங்கள் கேரம் அணி. எங்கள் ஸ்டிரைக்கர், பவுடர் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லலாமா? எங்களோடு வரும் கிரிக்கெட், இறகுப்பந்துக்காரர்களின் சாமான்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், சயான்

பதில்: ஸ்டிரைக்கர் பற்றிக் கவலை இல்லை. போட்டிக்குரிய ஸ்டிரைக்கர் பதினைந்து கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, சட்டைப்பையிலேயே போய்விடும். பவுடர்தான் சிக்கல். பெயர் ஒட்டாத பிளாஸ்டிக் பையில் வெள்ளைத் தூளைக் கட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டு விமான நிலையத்தில் நின்றால், அது போரிக் பவுடர் என்று நீங்கள் ஆயிரம் சத்தியம் செய்தாலும் அந்தப் பையைத் திறந்து, சோதித்து, உங்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டுத்தான் விடுவார்கள். அமைப்பாளர்கள் பவுடர் தருகிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். தராவிட்டால், கடையில் வாங்கிய முத்திரை பிரிக்காத டப்பாவை, பதிவு செய்து அனுப்பும் பெட்டியில் வையுங்கள்.

கிரிக்கெட் மட்டை, ஹாக்கி மட்டை, பில்லியர்ட்ஸ் கோல் ஆகியவற்றை இந்திய விமான நிலையங்களில் கைப்பையோடு உள்ளே விடமாட்டார்கள். அவை சரக்குப் பகுதிக்குத்தான் போகும். இறகுப்பந்து ராக்கெட்டைப் பெரும்பாலும் கையில் கொண்டுபோக விடுகிறார்கள். என்றாலும் ஆறு ராக்கெட் கொள்ளும் பெரிய உறை சில விமானங்களின் கைப்பை அளவைத் தாண்டிவிடும். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு: அதைப் பதிவுப் பெட்டியில் வைக்கவே கூடாது, கையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்த பெட்டி வந்து சேராமல் போனாலும் முதல் நாள் ஆடியாக வேண்டும் என்பதால், காலணியையும் ஒரு செட் அணிச் சீருடையையும் எப்போதும் கைப்பையிலேயே வையுங்கள் என்பது என் பிடிவாதம்.

சாமான்களைவிட அங்குள்ள பலகைதான் உங்களுக்கு அதிகம் வேலை வைக்கும். ஆட்டப் பரப்பு எங்கும் 29 அங்குலச் சதுரம்தான். ஆனால் மும்பை மழைக்காலத்தில், காற்றின் ஈரத்தை இழுத்துக் கனத்துப்போன பலகையில் பழகிய கை, குளிரூட்டிய அரங்கின் உலர்ந்த பலகையில் அடித்தால் காய் எங்கேயோ போய்விடும். முதல் இரண்டு ஆட்டங்களை இப்படித்தான் பல அணிகள் இழக்கின்றன. போவதற்கு இரண்டு வாரம் முன்பே அலுவலகத்தில் குளிரூட்டிய அறை ஒன்றைக் கேட்டு வாங்கி, அங்கே பலகையைப் போட்டு ஆடிப் பழகுங்கள். இறகுப்பந்துக்காரர்களுக்கும் இதே கதைதான். வெப்பமான காற்றில் ஷட்டில் வேகமாகவும், குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் பறக்கும். அதற்காகவே குழல்களில் 76, 77, 78 என்று வேக எண் அச்சிட்டிருக்கிறார்கள். அரங்கின் குளிர்காற்று ஒரு பக்கமாக அடித்தால், அது ஷட்டிலைக் கோட்டுக்கு வெளியே தள்ளும் என்பதையும் பயிற்சி நேரத்திலேயே கவனித்துவிட வேண்டும்.

கேரம் ஆட்டக்காரர்களை அலுவலகத்தில் சற்று இளப்பமாகப் பார்க்கிறார்கள் என்று கடிதத்தின் இறுதியில் எழுதியிருந்தீர்கள். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் உருவான இடம் சென்னை என்பதையும், உலகச் சாம்பியனான சென்னையின் மரிய இருதயத்துக்கு அர்ஜுனா விருது கிடைத்தது என்பதையும் அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பதினொரு பேர் கொண்ட எங்கள் குழுவில் நானும் இன்னொருவரும் மட்டுமே பெண்கள். நாங்கள் வெவ்வேறு கிளைகளில் வேலை பார்ப்பதால் ஒருவரையொருவர் அறியோம். போகலாம் என்றுதான் என் மாமியார் சொல்கிறார். ஆனால் 'அங்கே உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள்' என்று மாமனார் கேட்கும் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை.
— ஒரு வாசகி, வாஷி

பதில்: அம்மா, உங்கள் மாமனாரின் கேள்வியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டியது உங்கள் நிறுவனம்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடம் என்பதை அலுவலகக் கட்டடத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பணியின் பொருட்டு ஊழியர் செல்லும் எந்த இடமும், அதற்காக நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும் அதில் அடங்கும். நிறுவனம் தன் சார்பில் உங்களை அனுப்பும்போது ஓட்டலும் பேருந்தும் ஆட்ட அரங்கும் இந்த வரையறைக்குள் வரும் என்றே கொள்ள வேண்டும். எனவே, நீங்கள் நிறுவனத்தின் சார்பில் அனுப்பப்படுகிறீர்கள் என்று தெளிவாகக் கூறும் கடிதத்தை, நாள்களும் ஊரும் குறிப்பிட்டுக் கேட்டு வாங்குங்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு தாமாகப் போவதாகக் கையெழுத்து வாங்கும் நிறுவனங்களும் உண்டு. அந்தத் தாளில் கையெழுத்திடும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். இந்தச் சட்டப்படி உங்கள் நிறுவனத்தில் அமைத்திருக்கும் புகார்க் குழுவின் உறுப்பினர் ஒருவரின் எண்ணை வாங்கிக் கைப்பேசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இன்னொரு பெண்ணைப் புறப்படும் முன்பே இரண்டு முறையாவது நேரில் சந்தித்துவிடுங்கள். ஒரே அறையில் தங்குவதா, அடுத்தடுத்த அறைகளா என்பதை நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்து மேலாளரிடம் சொல்லுங்கள். அவர் முடிவு செய்து உங்களிடம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். நிறைவு நாள் விருந்து நள்ளிரவு வரை நீளும். நீங்கள் விரும்பும் நேரத்தில் ஓட்டலுக்குத் திரும்ப வண்டி இருக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள். ஓட்டல் முகவரி, விமான எண்கள், மேலாளரின் கைப்பேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி மாமனார் கையில் கொடுத்தால், அவருடைய கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கேள்வி: சைவம் மட்டுமே உண்பவன். வீட்டில் பருப்புப் பொடி, குருமாப் பொடி, இருமல் மருந்து எல்லாம் கட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். எடுத்துச் செல்லலாமா?
— ஒரு வாசகர், மாதுங்கா

பதில்: பருப்புப் பொடியைக் கடையில் வாங்கிய பொட்டலமாகவே எடுத்துச் செல்லுங்கள். குருமாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா சட்டப்படி போதைப்பொருளோடு சேர்த்துப் பார்க்கப்படும் பொருள். நம் சமையலறையில் அது வெறும் மசாலா என்று அங்கே வாதாட முடியாது. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சூயிங்கம் மெல்லும் பழக்கம் இருந்தால், சிங்கப்பூரில் 1992 முதல் அதன் இறக்குமதிக்குத் தடை உண்டு என்பதை நினைவில் வையுங்கள். ஊக்கமருந்துச் சோதனை நடக்கும் போட்டியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்; சளிக்காகச் சாப்பிடும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின், போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருக்கிறது.

கோலாலம்பூர் என்றால் உணவுக்காக இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும். மாதுங்காவைவிட அங்கே தமிழ் சற்று உரக்கவே கேட்கும்.

கேள்வி: மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். நண்பர்களின் நிறுவனம் ஒன்று எங்களையும் சேர்த்துக்கொண்டு வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறது. சிறப்புத் தற்செயல் விடுப்பு கிடைக்குமா? அங்கே காயம் பட்டால் பயணக் காப்பீடு போதுமா?
— ஒரு வாசகர், பேலாப்பூர்

பதில்: தேசிய, சர்வதேச முக்கியத்துவம் உள்ள போட்டிகளுக்கு, அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு அமைப்பு தேர்ந்தெடுத்து அனுப்பினால், ஆண்டுக்கு 30 நாள் வரை அந்த விடுப்புக்கு இடம் உண்டு. நண்பர்களின் நிறுவனம் அழைத்துப் போவது அதில் சேராது. ஈட்டிய விடுப்பைத்தான் எடுக்க வேண்டும். சொந்தப் பயணமாக வெளிநாடு செல்வதற்கு உங்கள் துறையின் முன் அனுமதியும் வேண்டும்; பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அதை வாங்கிவிடுங்கள். செலவை வேறொரு நிறுவனம் ஏற்கிறது என்றால் அதையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

சாதாரணப் பயணக் காப்பீட்டை நம்பிப் போகாதீர்கள். போட்டி விளையாட்டில் ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு இல்லை என்று விலக்குகள் பகுதியில் எழுதியிருக்கும் பாலிசிகள் பல உண்டு. அந்தப் பகுதியைப் படித்து, விளையாட்டுக் காயத்தையும் சேர்த்த பாலிசியாகக் கேட்டு வாங்குங்கள். 'சேர்த்திருக்கிறோம்' என்று முகவர் வாயால் சொல்வது போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். அதன் நகல் ஒன்று உங்களிடமும், இன்னொன்று அணியில் அன்று ஆடாமல் வெளியே அமர்ந்திருப்பவரிடமும் இருக்கட்டும். கணுக்கால் பிசகிக் களத்தில் கிடப்பவரால் பையைத் திறந்து பாலிசி எண்ணைத் தேட முடியாது.